அறுந்த இடம் எது?

குழாயில் நீர் வாராதபோது வீட்டார் உடனே குழாயைக் கழற்றத் தொடங்குவதில்லை. மாடியிலுள்ள தொட்டியில் நீர் இருக்கின்றதா என்று முதலில் பார்க்கின்றனர். அடுத்த வீட்டில் நீர் வருகின்றதா என்று கேட்கின்றனர். பின்னர்த் தெருக்குழாயை நோக்குகின்றனர். நீர் வரும் வழி அவர்களுக்குத் தெரியும். ஆதலின், தடை நேர்ந்த இடத்தைச் சிறிது நேரத்தில் அறிந்துகொள்கின்றனர்.

வீட்டுக் கணிப்பொறியில் இணையம் வாராதபோது இந்த நிதானம் பலரிடம் காணப்படுவதில்லை. ஒருவர் கம்பிகளையெல்லாம் பிடுங்கி மாற்றிச் செருகுகின்றார். மற்றொருவர் கணிப்பொறியின் அமைப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றுகின்றார். வீட்டு இளைஞரோ குண்டூசியை எடுத்துப் பெட்டியின் பின்புறத்திலுள்ள சிறு துளையில் குத்துகின்றார். முன்பு இருந்த பழுது ஒன்று. அரைமணி நேரத்தில் அது மூன்றாகிவிடுகின்றது. கல்லூரி விண்ணப்பமும் தேர்வுக் கட்டணமும் இணையவழியே செலுத்தப்படும் இக்காலத்தில், இறுதி நாள் மாலையில் இவ்வாறு நேருமாயின் ஒரு மாணவரின் ஓராண்டு உழைப்பே இடருக்கு உள்ளாகலாம்.

பழுதைக் கண்டறிவதற்கு முதற்கண் வேண்டுவது வழியைப் பற்றிய அறிவாகும். தமிழ்நாட்டு நகரம் ஒன்றில், ஒளியிழை வழியாக இணைப்புப் பெற்றுள்ள இல்லம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். இணைப்பு வழங்கும் நிறுவனத்தின் நிலையத்திலிருந்து, மயிரிழை போன்ற கண்ணாடி இழையில் ஒளி வடிவில் செய்தி புறப்படுகின்றது. தெருவிலுள்ள பெட்டியில் அவ்வொளி பல வீடுகளுக்குப் பகிர்ந்து விடப்படுகின்றது. வீட்டினுள் சுவரில் பொருத்தப்பட்ட கருவி அந்த ஒளியை மின்குறிகளாக மாற்றுகின்றது. மக்கள் ரூட்டர் என்று வழங்கும் திசைவி அக்குறிகளைக் கணிப்பொறி, கைப்பேசி, தொலைக்காட்சி முதலியவற்றிற்குப் பங்கிட்டு அளிக்கின்றது. இவ்விரு பணிகளையும் ஒரே பெட்டி செய்வதும் உண்டு. ரூட்டரிலிருந்து கணிப்பொறிக்குச் செல்லும் வழி கம்பியாகவும் இருக்கலாம். வைஃபை எனப்படும் வானொலி அலையாகவும் இருக்கலாம். நிறுவனத்தின் நிலையத்திற்கு அப்பாலோ, மாநிலங்களையும் கடல்களையும் கடந்து செல்லும் பெருவழிகள் உள்ளன. இந்நெடிய சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும், வீட்டில் இருப்பவருக்குத் தோன்றுவது ஒன்றே: “இணையம் வரவில்லை.”

இணைப்பு அறுவது இணையத்தோடு உடன்பிறந்த நோயாகும். இணையத்திற்கு முன்னோடியான ‘ஆர்ப்பாநெட்’ என்னும் வலையமைப்பில் முதற்செய்தி அனுப்பப்பட்ட நாளிலேயே அஃது அறுந்தது. 1969ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 29ஆம் நாள் இரவு, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் சார்லி கிளைன் என்னும் மாணவர் கணிப்பொறியின்முன் அமர்ந்தார். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலிருந்த ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் பில் டுவால் என்பவர் மறுமுனையில் இருந்தார். ‘லாகின்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளை ஒவ்வொன்றாக அனுப்புவது திட்டம். இருவரிடமும் தொலைபேசி இருந்தது. ‘எல்’ வந்ததா என்று ஒருவர் கேட்டார். வந்தது என்றார் மற்றவர். ‘ஓ’ வந்ததா என்றார், அதுவும் வந்தது. மூன்றாம் எழுத்தை அனுப்பியவுடன் ஸ்டான்ஃபோர்டுக் கணிப்பொறி நிலைகுலைந்து நின்றுவிட்டது.

அவர்கள் செய்தது யாது? கம்பிகளைப் பிடுங்கவில்லை. இரண்டு எழுத்துகள் சென்று சேர்ந்தமையால் இடைவழி நன்றாயுள்ளது என்பது தெளிவாயிற்று. ஆகவே பழுது வழியில் இல்லை, மறுமுனையில் உள்ளது என்பது வெளிப்பட்டது. மூன்றாம் எழுத்திற்கு விடையாகப் பல எழுத்துகளை ஒருங்கே அனுப்ப அக்கணிப்பொறி முற்பட்டதும், அவற்றைத் தாங்குவதற்கு ஒதுக்கப்பட்ட இடம் போதாமையும் காரணம் எனக் கண்டு திருத்தினர். ஏறத்தாழ ஒரு மணி நேரத்திற்குப் பின் இணைப்பு முழுமையாக நிலைபெற்றது. ஒவ்வோர் எழுத்துக்கும் “வந்ததா?” என்று கேட்ட அந்தத் தொலைபேசியே அன்றைய வெற்றிக்குப் பெருந்துணையாயிற்று எனலாம். இணைப்பு அறுந்த எந்த வீட்டிற்கும் வேண்டுவது அவ்வாறு கேட்கும் முறையே.

கேட்க வேண்டிய கேள்விகளுள் முதலாவது மிக எளியது. பழுது இந்தக் கணிப்பொறிக்கு மட்டுமா, வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளுக்குமா? அதே வைஃபையில் இணைந்த கைப்பேசியை எடுத்துப் பார்த்தால் இதற்கு விடை கிடைத்துவிடும். ஆயினும் இங்கே ஒரு சிறு ஏமாற்றம் மறைந்துள்ளது. வைஃபையில் இணையம் இல்லையென்று கண்டதும் பல கைப்பேசிகள் தாமாகவே தம் சொந்த அலைபேசி இணைப்புக்கு மாறிக்கொள்கின்றன. அதனை அறியாதவர், “கைப்பேசியில் வருகின்றது, கணிப்பொறிதான் கெட்டுவிட்டது” என்று முடிவுகட்டிப் பழுதுபார்க்கும் கடைக்கு அதனைச் சுமந்து செல்வர். கைப்பேசியின் மொபைல் டேட்டாவை அணைத்த பின்னரே இச்சோதனை உண்மை கூறும். கைப்பேசியிலும் இணையம் வாராவிடின் கணிப்பொறி குற்றமற்றது. ஆராய்ச்சி ரூட்டரை நோக்கித் திரும்ப வேண்டும். கைப்பேசியில் வந்து கணிப்பொறியில் மட்டும் வாராவிடின் ரூட்டருக்கு அப்பாலுள்ள வழி முழுவதும் நலமாயுள்ளது. ஒரே கேள்வியால் சங்கிலியின் ஒரு பாதி விலக்கப்பட்டுவிடுகின்றது.

அவசர வேலை உள்ளவர் இவ்வாராய்ச்சியைச் சற்று ஒத்திவைத்தல் நன்று. கைப்பேசியின் ஹாட்ஸ்பாட் வழியாகக் கணிப்பொறியை இணைத்து, விண்ணப்பத்தை முதலில் அனுப்பிவிடலாம். இதில் ஒரு கல்லில் இரண்டு மாங்காய். ஹாட்ஸ்பாட்டின் வழியே கணிப்பொறி நன்கு இயங்குமாயின், அதன் வைஃபை உறுப்பும் உலாவியும் பழுதற்றவை என்பதும் உடன் விளங்கிவிடுகின்றது.

எல்லாக் கருவிகளிலும் இணையம் இல்லையாயின் பெட்டியின் முகத்திலுள்ள விளக்குகளை நோக்க வேண்டும். அவற்றை அழகுக்கு வைத்தவையாகவே பலர் கருதுகின்றனர். நோயாளியின் நாடியைப் போன்றவை அவை. ஒளியிழைக் கருவிகளில் ‘எல்.ஓ.எஸ்.’ என்னும் எழுத்துகளின்கீழ் உள்ள விளக்கு சிவப்பாக எரிந்தாலோ மின்னினாலோ, நிலையத்திலிருந்து ஒளி வந்து சேரவில்லை என்பது பொருள். ஒரு விளக்கும் எரியாவிடின் மின்சாரம் வரவில்லை. சுவர்ப் பொத்தானும் அடாப்டரும் சோதிக்கத் தக்கவை. ஒளி விளக்கு நன்றாயிருந்து இணைய விளக்கு மட்டும் அணைந்திருப்பின், நிறுவனம் அந்த வீட்டின் கணக்கை ஏற்கவில்லை என்று ஐயுறலாம். சந்தாத் தொகை செலுத்தப்படாமையும் அதற்குக் காரணமாதல் உண்டு. வீட்டுப் பெரியவர்கள் நெடுநேரம் கணிப்பொறியோடு போராடிய பின்னர், கட்டணம் கட்ட மறந்தது நினைவுக்கு வந்த வீடுகள் பல.

ஒளி வாராமைக்குக் காரணம் பெரும்பாலும் இழையில் நேரும் ஊறேயாகும். கண்ணாடி இழை மென்மையாக வளையும். ஆயின் கூர்மையாக மடக்கினால் ஒளி பக்கவாட்டில் கசிந்துவிடும். அலமாரியை நகர்த்தியபோதோ, கதவிடுக்கில் அகப்பட்டபோதோ இத்தகைய மடிப்பு ஏற்படலாம். மடிப்பை மெல்ல நீக்கிப் பார்க்கலாம். ஆயினும் இழையின் முனையைக் கழற்றிக் கண்ணருகே வைத்து, ஒளி வருகின்றதா என்று நோக்குதல் கூடாது. அதில் செல்வது கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளி. புலனாகாமலே அது விழிக்குத் தீங்கு செய்ய வல்லது.

ரூட்டரை அணைத்து மீண்டும் இயக்குதல் யாவரும் அறிந்த மருந்தாகும். அதனை எள்ளி நகையாடுவோரும் உளர். ஆயின் அது மூடப்பழக்கம் அன்று. ரூட்டரும் ஒரு சிறு கணிப்பொறியே. நாள்கணக்கில் ஓய்வின்றி இயங்கும்போது அதன் நினைவகத்தில் பிழைகள் திரண்டு நிற்றல் கூடும். நிறுவனத்தோடு கொண்ட தொடர்பு ஒருபக்கமாக அறுந்திருந்தும், அதனை உணராமல் அது காத்திருத்தல் கூடும். மின்சாரத்தை நீக்கி அரை நிமிடம் பொறுத்து மீண்டும் இயக்கினால், அஃது எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்குகின்றது. ஒளியிழைக் கருவியும் ரூட்டரும் தனித்தனியே இருப்பின் முன்னதை முதலில் இயக்கி, அதன் விளக்குகள் நிலைபெற்ற பின் மற்றதை இயக்குதல் முறை.

மறுதொடக்கம் வேறு, மீட்டமைப்பு வேறு. குண்டூசியால் அழுத்தப்படும் அந்தச் சிறு துளையின் பொத்தான் ரூட்டரைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குக் கொண்டுசெல்வது. நிறுவனம் அளித்த பயனர் பெயர், கடவுச்சொல், வைஃபையின் பெயர் ஆகிய அனைத்தையும் அஃது அழித்துவிடக் கூடும். அவற்றைக் குறித்து வைத்திராத வீட்டில், தெருவில் இருந்த பழுது நீங்கிய பின்னரும் இணையம் திரும்பாது. அதனை அழுத்தியவர் நோயைத் தீர்க்கவில்லை. நோயாளியின் பெயரையே மறக்கச் செய்துவிட்டார்.

இனி, பழுது கணிப்பொறியின் பக்கத்தில் இருப்பதாகக் கொள்ளலாம். மடிக்கணினிகளில் ‘விமானப் பயன்முறை’ பொத்தான் அறியாமல் அழுந்தியிருத்தல் மிகுதி. அதனை முதலிற் பார்க்க வேண்டும். கம்பி இணைப்பாயின் செருகி ‘கிளிக்’ என்னும் ஓசையோடு பொருந்தியிருத்தல் வேண்டும். வைஃபையாயின் தொலைவையும் சுவர்களையும் கருத வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர்களை ஓரளவு கடந்து செல்லும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை விரைவு மிக்கது, ஆயின் சுவரில் எளிதில் தளர்ந்துவிடும். சமையலறை மைக்ரோவேவ் அடுப்பும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அளவிலேயே இயங்குவதால், உணவு சூடாகும்போது மட்டும் இணையம் தடுமாறும் வீடுகளும் உண்டு.

இவையெல்லாம் சரியாக இருந்தும் இணையம் வாராவிடின் கணிப்பொறியின் முகவரியைக் காண வேண்டும். விண்டோஸ் கணிப்பொறியில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து ‘ஐபிகான்ஃபிக்’ என்னும் கட்டளையை இட்டால், புள்ளிகளால் பிரிக்கப்பட்ட நான்கு எண்கள் தோன்றும். அவற்றுள் ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை இருக்கலாம். வீடுகளில் பெரும்பாலும் அது 192.168 என்று தொடங்கும். ரூட்டர் வழங்கிய முகவரி அது. மாறாக 169.254 என்று தொடங்கினால் செய்தி வேறு. முகவரி வேண்டும் என்று கணிப்பொறி குரல் கொடுத்தது. ரூட்டரிடமிருந்து விடை வரவில்லை. வேறு வழியின்றித் தனக்குத்தானே ஒரு முகவரியைச் சூட்டிக்கொண்டது. ஆகவே கணிப்பொறிக்கும் ரூட்டருக்கும் இடைப்பட்ட சிறு வழியிலேயே பழுது உள்ளது. அடுத்த ஊரில் தேட வேண்டியதில்லை.

முகவரி முறையாக இருப்பின், 1969இல் தொலைபேசி செய்த வேலையைச் செய்வதற்கு ‘பிங்’ என்னும் சிறு நிரல் உள்ளது. அமெரிக்கப் படையின் ஆராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றிய மைக் மூஸ் என்பவர் 1983ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் அதனை எழுதினார். கடலுக்கடியில் ஒலியை அனுப்பி, எதிரொலியைக் கேட்டுப் பொருள்களைக் கண்டறியும் சோனார்க் கருவியின் ஓசையையே அதற்குப் பெயராக இட்டார். பெயர் பொருத்தமானது. “இருக்கின்றாயா?” என்று சிறு செய்தியை அது அனுப்பும், மறுமுனை “இருக்கின்றேன்” என்று திருப்பும், சென்று மீண்ட நேரம் மில்லிசெக்கண்டுக் கணக்கில் திரையில் தோன்றும்.

இதனை அருகிலிருந்து தொலைவுக்குச் செல்லும் முறையில் வினவ வேண்டும். முதலில் ரூட்டரை வினவுதல். பல வீடுகளில் அதன் முகவரி 192.168.1.1 ஆகும். விடை வருமாயின் வீட்டுக்குள் குறையில்லை. அடுத்து, வெளியுலகில் எளிதில் விடை தரும் முகவரி ஒன்றை, 8.8.8.8 போன்றதை, வினவுதல். அதற்கும் விடை வருமாயின் வெளியுலகுக்குச் செல்லும் வழி திறந்துள்ளது. ரூட்டர் விடை தந்து வெளியுலகம் தாராவிடின் பழுது அவ்விரண்டிற்கும் நடுவே உள்ளது. ஆயினும் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். காவலின் பொருட்டுச் சில கணிப்பொறிகள் பிங்குக்கு விடை கூறாமலே இருக்கும். ஓர் இடத்தின் மௌனத்தை மட்டும் கொண்டு தீர்ப்புக் கூறுதல் ஆகாது.

எண்ணுக்கு விடை வந்து பெயருக்கு விடை வாராத நிலை ஒன்று உண்டு. அது வியப்பூட்டுவது, பலரை மயக்குவதும் அதுவே. மனிதர் நினைவிற் கொள்வது தளங்களின் பெயர்களை. கருவிகள் அறிவதோ எண்களை. தொடக்கக் காலத்தில் எல்லாக் கணிப்பொறிகளின் பெயர்களும் எண்களும் ஒரே கோப்பில் எழுதப்பட்டிருந்தன. ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லரின் குழுவினர் அதனைப் பேணி வந்தனர். கணிப்பொறிகள் பெருகப் பெருக, அந்த ஒற்றை ஏடு தாங்கவில்லை. 1983இல் பால் மொக்காபெட்ரிஸ் என்பவர், உலகெங்கும் பரவிய பல கணிப்பொறிகள் அப்பணியைப் பகிர்ந்துகொள்ளும் முறையை வகுத்தார். டி.என்.எஸ். என்று வழங்கும் அம்முறையே இன்றும் நிலவுகின்றது. பெயரைக் கேட்டு எண்ணைச் சொல்லும் கணிப்பொறி உறங்கிவிட்டால், வழிகள் யாவும் திறந்திருந்தும் எந்தத் தளமும் திறவாது. தபால்காரர் நலமாயிருந்தும் உறையின்மேல் முகவரி எழுத ஆளில்லாத நிலை அது. கணிப்பொறியின் அமைப்பில் வேறொரு பெயர் வழங்கியின் எண்ணைக் குறித்துவிட்டால் இக்குறை உடனே நீங்கும்.

சில வேளைகளில் வீட்டிலும் குறையிராது, தெருவிலும் குறையிராது. 2021ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் இரவு, ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் ஆகிய மூன்றும் உலகெங்கும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் நின்றுபோயின. அந்நிறுவனத்தின் பெருவழி அமைப்பில் செய்த மாற்றம் ஒன்றினால், அதன் பெயர் வழங்கிகளை அடையும் வழிகளே இணையத்திலிருந்து மறைந்தன. வேறொரு தளத்தைத் திறந்து பார்த்தவர் ஒரு நொடியில் தெளிவு பெற்றிருப்பர். ரூட்டரை மீண்டும் மீண்டும் அணைத்து இயக்கியவர்க்கு அவ்விரவு வீணாயிற்று.

இன்னொரு குறை கணிப்பொறிக் கடைக்காரர்களுக்கு நன்கு பழக்கமானது. பழைய மேசைக் கணிப்பொறி ஒன்றில் பிங் விடை தருகின்றது. பெயரும் எண்ணாக மாறுகின்றது. ஆயினும் வங்கி, அஞ்சல், விண்ணப்பத் தளம் ஆகிய யாவும் “பாதுகாப்பற்றது” என்று எச்சரித்து மறுக்கின்றன. காரணம் இணையத்தில் இல்லை, கடிகாரத்தில் உள்ளது. மின்சாரம் இல்லாத வேளையில் கணிப்பொறியின் கடிகாரத்தை ஓட்டுவதற்கு, நாணயம் போன்ற 3 வோல்ட் மின்கலம் ஒன்று அதனுள் உண்டு. அது தீர்ந்துவிட்டால் ஒவ்வொரு முறை இயக்கும்போதும் தேதி பல ஆண்டுகள் பின்னே சென்றுவிடும். பாதுகாப்பான தளம் ஒவ்வொன்றும் தொடக்க நாளும் முடிவு நாளும் குறித்த சான்றிதழ் ஒன்றைக் காட்டுகின்றது. தேதி பின்தங்கிய கணிப்பொறிக்கோ அச்சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை! அதனால் அதனைப் போலி என்று கருதி ஒதுக்குகின்றது. தேதியைத் திருத்தி, சிறு தொகைக்குக் கிடைக்கும் அந்த மின்கலத்தை மாற்றினால் போதும். புதுக் கணிப்பொறி வாங்குமாறு இதற்காக அறிவுரை கூறுவோரும் உளர் என்பது வருந்தத் தக்கது.

இவ்வாராய்ச்சி முழுவதிலும் ஒன்றை மாற்றியபின் சோதித்து, பயனில்லையாயின் அதனைப் பழைய நிலைக்கே மீட்டு, அதன்பின் அடுத்ததைத் தொடுதல் வேண்டும். மூன்றை ஒருங்கே மாற்றி இணைப்புத் திரும்பிவிட்டால் எது மருந்தாயிற்று என்பது தெரியாது. திரும்பாவிடின் எது புதிய நோய் என்பதும் தெரியாது. செய்தவற்றை ஒரு தாளில் நேரத்தோடு குறித்து வைப்பவர்க்கு இரண்டும் தெரியும்.

அத்தாளின் பயன், நிறுவனத்திற்குத் தொலைபேசியில் முறையிடும்போது விளங்கும். “நெட் வரவில்லை” என்று மட்டும் கூறினால், மறுமுனையில் இருப்பவர் முதலிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்பார். “மாலை 4 மணி முதல் எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பாக மின்னுகின்றது, எல்லாக் கருவிகளிலும் இணையம் இல்லை, ரூட்டர் பிங்குக்கு விடை தருகின்றது, ஒரு முறை அணைத்து இயக்கியாயிற்று” என்று கூறும் வீட்டிற்கோ, எத்தகைய கருவியோடு ஆள் செல்ல வேண்டும் என்பது அப்பொழுதே முடிவாகிவிடும்.

வருபவர் இழையின் முனையைச் சிறு அளவியில் செருகி, ஒளி எவ்வளவு வருகின்றது என்று அளப்பார். தெருப்பெட்டி வரை ஒளி இருந்து வீட்டில் இல்லையாயின், கம்பம் கம்பமாக வடத்தைத் தொடர்ந்து நோக்குவார். மரக்கிளை உராய்ந்த இடத்திலோ, அணில் கடித்த இடத்திலோ அறுந்த முனைகள் அகப்படும். அந்த இழையின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அதனுள்ளும் ஒளி செல்லும் நடுப்பகுதி பன்மடங்கு நுண்ணியது. இரு முனைகளையும் துடைத்து, நேராக வெட்டி, நேருக்கு நேர் நிறுத்தி, மின்பொறியின் வெப்பத்தால் உருக்கி ஒன்றாக்கும் கருவியை அவர் கம்பத்தடியிலேயே திறந்து வைப்பார். ஒட்டு முடிந்து சில நொடிகளில் வீட்டுப் பெட்டியின் சிவப்பு விளக்கு அணையும்.